ஐப்பசி மழைக்கு முன்: பைக்கை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் முறை

பைக்கோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வண்டியை நீண்ட நாள் நிறுத்திவைப்பது பற்றி ஒரு பகுதி இருக்கும். பனி கொட்டும் நாடுகளில் நவம்பரில் மூடி வைத்த வண்டியை மார்ச், ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்கள். அங்கிருந்து வந்த பழக்கம் அது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ரோட்டில் பனிக்கட்டி உறைவதில்லை என்பதால் நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

ஆனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வடக்கே போகிறவர்கள் திரும்பி வர மாதங்கள் ஆகும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்கள், காலில் அடிபட்டு ஓய்வில் இருப்பவர்கள் என்று காரணம் பலவிதம். மழைக்காலம் முழுக்கக் காரில் போய்க்கொண்டு புல்லட்டைத் தையில்தான் தொடுவேன் என்பவர்களும் உண்டு. முதல்முறையாக வண்டியை நிறுத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் நின்ற வண்டியைக் கெடுப்பது ஈரம். டேங்கில் துரு, சங்கிலியில் செம்பழுப்பு, சிலிண்டர் சுவரில் புள்ளி, சுவிட்சில் பச்சைக் களிம்பு என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் அங்கே போய்த்தான் முடியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மார்கழியில் இரவெல்லாம் குளிர், பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில். குளிர்ந்த இரும்பின் மேல் காற்றிலிருக்கும் ஈரம் முத்து முத்தாகப் பூக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைக்காரர்களுக்கு ஆனி, ஆடியிலேயே சாரல் தொடங்கிவிடும். கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை ஈரத்தை வெளியே வைப்பதற்குத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் நாளைக் கணக்குப் போடுங்கள்

மூன்று வாரம், ஒரு மாதம் என்றால் பெரிய ஏற்பாடு வேண்டாம். துடைத்து, டயரில் காற்று வைத்து, டேங்கை நிரப்பி, மழை படாத இடத்தில் நிறுத்தினால் போதும். ஒரு மாதத்தைத் தாண்டினால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் இங்கே எழுதியிருக்கும் எல்லாமே வேண்டும். ஒரு வருடம் என்றால், மனசு இடம் கொடுத்தால், நம்பிக்கையான சொந்தக்காரரிடம் ஓட்டக் கொடுத்துவிடுவது வண்டிக்கு நல்லது.

நல்ல நேரம் ஆயுதபூஜை. எப்படியும் அன்றைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கப் போகிறோம். மழை வலுக்கவும் சில வாரம் இருக்கும். சர்வீஸ் தேவைப்பட்டால் பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் பட்டறையில் கூட்டம் நெரியும், அவசரத்தில் செய்த வேலை நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஆகாது. பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்றிவிடுங்கள். ஹேண்டில்பாரில் தொங்கி அழுகும் செவ்வந்தி மாலை டேங்கின் பெயிண்டில் கறை விடும். சந்தனம், குங்குமத்தையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

எங்கே நிறுத்துவது

வீட்டு ஆசாரத்திலோ (கூடத்திலோ), மூன்று பக்கம் சுவர் உள்ள தாவாரத்திலோ இடம் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேலே கூரை, கீழே காய்ந்த தரை, காற்றோட்டம், வீட்டு ஆள் கண்ணில் படும் தூரம். இந்த நான்கும் வேண்டும்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நிறுத்துபவர்கள் இரண்டு இடங்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று மாட்டுக் கட்டுத்தரை. கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஒயர் முனைகள், சுவிட்சுகள், கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள பித்தளை ஜெட் எல்லாம் அந்த வகைதான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை ஷெட்டை ஒட்டி நிறுத்துவதும் இதே கதை. இரண்டாவது, உரமூட்டை அடுக்கியிருக்கும் அறை. பொட்டாஷ் ஒரு வகை உப்பு. ஈரத்தை இழுத்துக் கசியும் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் ரிம்மும் சைலன்சரும் ஒரே மழைக்காலத்தில் நிறம் மாறிவிடும்.

தென்னை மரத்தடி கூடவே கூடாது. காய் விழும், மட்டை விழும். வேம்பு, புளி நிழலிலும் பிசினும் எச்சமும் பெயிண்டைத் தின்னும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் மாதக்கணக்கில் விட வேண்டாம். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை போதும், அங்கே முழங்கால் தண்ணீர் நிற்க. மேட்டூரில் உபரி நீர் திறந்தால் பவானி, குமாரபாளையம் கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருக்காரர்கள் மேட்டில் இருக்கும் மாமா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ ஓரமாக இடம் கேட்டு நிறுத்துவது உத்தமம். எப்படியோ என்ஜின் வரை தண்ணீர் ஏறிவிட்டால் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் ஏறினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அப்படியே தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும்.

கழுவுவதும் காயவைப்பதும்

அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கம் போர்த் தண்ணி பெரும்பாலும் உப்புத் தண்ணி. அதில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். சேறு போகப் போர்த் தண்ணியில் கழுவிக்கொள்ளுங்கள். கடைசியாக இரண்டு குடம் ஆத்துத் தண்ணி ஊற்றி அலசுங்கள். மட்கார்டின் உள்பக்கமும், என்ஜினுக்குக் கீழேயும், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் மேல்பக்கமும் சேறு தங்கும் இடங்கள். காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; அதற்குக் கீழேதான் துரு முளைக்கும். தண்ணீர் பீச்சும் குழாயை வீல் பேரிங், சாவித் துவாரம், ஹேண்டில்பார் சுவிட்ச் ஆகியவற்றின் மேல் நேராகக் காட்ட வேண்டாம்.

கழுவிய அன்றே மூடிவைப்பது கூடாது. துடைத்துவிட்டு ஒரு பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். என்ஜின் சூட்டிலும் காற்றிலும் இடுக்கில் இருக்கும் ஈரம் போகும். டிரம் பிரேக் வண்டியில் போகும்போதே நாலைந்து தடவை பிரேக்கை மெதுவாகப் பிடித்து உள்ளே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

துடைக்க பனியன் வேஸ்ட்டைவிட நல்லது எதுவும் இல்லை. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டியதும் இல்லை. கடைசியாகப் பெயிண்டுக்கு மெழுகு பாலீஷ். குரோம் பாகங்கள், சைலன்சர், போல்ட் தலைகள் மேல் என்ஜின் ஆயில் தொட்ட துணியால் மெல்லிய ஒரு பூச்சு. பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் எண்ணெய் படவே கூடாது.

பெட்ரோல்: அதிக வண்டிகள் மாட்டிக்கொள்ளும் இடம்

இன்றைக்குப் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022-ல் நாடு முழுக்கப் பத்து சதம் என்று ஆனது, அதன்பின் இருபது சதத்துக்கு ஏறியது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டி நின்றால் மேல்பாதி காற்று. மார்கழிக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் டேங்கின் உள்சுவரில் வேர்க்கும். எத்தனால் அதை உறிஞ்சும். தாங்கும் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். தகரம் துருப்பிடிப்பது அங்கிருந்துதான். வண்டியை எடுக்கும்போது என்ஜினுக்கு முதலில் போய்ச் சேர்வதும் அதுதான்.

அதனால் இரும்பு டேங்க் உள்ள வண்டிக்கு டேங்கை நிரப்பிவிடுங்கள். காற்றுக்கு இடம் இல்லையென்றால் ஈரத்துக்கும் இடம் இல்லை. கழுத்து வரைக்கும் வேண்டாம், மூடிக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். பகல் சூட்டில் பெட்ரோல் விரியும். நிறுத்தும் நாளுக்கு முந்தைய நாள், விற்பனை அதிகமுள்ள பங்கில் நிரப்புவது நல்லது. அங்கே இருப்பு தேங்கிக் கிடப்பதில்லை. பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் ஸ்டெபிலைசர் கிடைத்தால் டப்பாவில் சொன்ன அளவு ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்போதுதான் குழாயிலும் உள்ளேயும் அது போய்ச் சேரும். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இருபது சதக் கலப்பைத் தாங்கும்படி செய்தவை. அதற்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் குழாயை ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட்டு நிறுத்துங்கள்.

இனி உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் பொறுத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன். இவற்றில் பெட்ரோலைக் காலி செய்ய முயல வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும். காய்ந்து ஓடினால் கெடும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் எதிர்மாறு. டேங்க் நிறைந்திருக்க வேண்டும், கார்புரேட்டர் காலியாக இருக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சிறிய டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தினால் மிச்சமிருக்கும் சில சொட்டும் வந்துவிடும். அந்தக் கொஞ்சத்தை விட்டால்தான் அது ஆவியாகிப் பசைபோல் காய்ந்து, ஊசி முனை நுழையாத ஜெட்டை அடைக்கும். ஆர்எக்ஸ்100, பழைய யெஸ்டி, தோட்டத்துக்குப் போகும் பழைய டிவிஎஸ் எக்ஸெல் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஆயில் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரில் நின்றால் பெட்ரோல் மட்டும் பறந்துவிடும், ஆயில் தங்கி இறுகும்.

நிறைந்த டேங்கோடு ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். ஐப்பசியில் தீபாவளி, அடுத்து கார்த்திகை தீபம். திண்ணையிலும் வாசற்படியிலும் வரிசையாக விளக்கு வைப்போம். வண்டி நிற்கும் தாவாரத்தில் அன்றைக்கு விளக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். ராக்கெட் வந்து விழும் தெரு ஓரத்தில் போர்வை மூடிய வண்டி நிற்கவும் கூடாது.

ஆயில்

பலர் வண்டியை எடுக்கும்போது ஆயில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். மாற்ற வேண்டியது நிறுத்துவதற்கு முன்னால். ஓடிய ஆயிலில் எரிந்த புகையின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். மூன்று மாதம் அது பேரிங்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓட்டி வந்த சூட்டோடு பழைய ஆயிலை இறக்கி, கையேட்டில் சொன்ன தரத்தில் புதிது ஊற்றி, இரண்டு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைத்தால் புது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்விடும்.

மூன்று மாதத்துக்கு மேல் என்றால் இன்னொரு வேலை. என்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு டீஸ்பூன் புது என்ஜின் ஆயிலை விடுங்கள். சாவி ஆஃப் நிலையில் கிக்கரை மெதுவாக நாலைந்து முறை மிதித்தால் ஆயில் சிலிண்டர் சுவரெல்லாம் பரவும். கிக்கர் இல்லாத வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றுங்கள். அதே வேலை நடக்கும். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகே ஸ்பானர் வைக்க வேண்டும். அலுமினிய மரை ஒருமுறை போனால் செலவு பெரிது.

டியூக், ஆர்15 மாதிரி ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் கூலன்ட்டே ஊற்றுங்கள், போர்த் தண்ணி வேண்டாம். இங்கே உறையாது என்பது சரிதான், ஆனால் கூலன்ட்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது.

பேட்டரி

சாவியை எடுத்த பிறகும் மீட்டரில் இருக்கும் கடிகாரமும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான இசியூவும் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடிக்கும். ஜிபிஎஸ், அலாரம் மாட்டியிருந்தால் இன்னும் வேகம். அது போக, பேட்டரி சும்மா இருந்தாலே தானாக இறங்கும்; சூடு கூடக்கூட இறங்கும் வேகமும் கூடும். முழுதாக இறங்கிய நிலையில் நின்றால் உள்ளே தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. பிஎஸ்6 வண்டியில் பேட்டரி முழுக்கச் செத்தால் பம்பும் இசியூவும் வேலை செய்யாது, மிதித்தாலும் பெரும்பாலும் எடுக்காது.

ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். கறுப்பு ஒயர், அதாவது மைனஸ், முதலில். பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். முறை மாறினால் ஸ்பானர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கழற்றிய பேட்டரியைச் சுத்தமாகத் துடைத்து, முனைகளில் வாசலின் தடவி, வெயில் படாத அறையில் பலகைமேல் வையுங்கள். பிள்ளைகள் கை எட்டாத இடமாக இருக்கட்டும். பூஜை விளக்கும் அடுப்பும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. சார்ஜ் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் போடும் நேரம். 12-க்குக் கீழே போகவிடவே கூடாது. மாதம் ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். சார்ஜ் போடும் வேகம் பேட்டரியின் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு: 8 ஏஹெச் பேட்டரிக்கு 0.8 ஆம்பியர். பைக் பேட்டரிக்கென்று விற்கும் சிறிய ஆட்டோமேட்டிக் சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். பேட்டரிக் கடையில் கொடுத்தால் "மெதுவா ஏத்துங்கண்ணா, அவசரமில்லீங்க" என்று சொல்லியே கொடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிச் சார்ஜ் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பெரிய பேட்டரிக்கான கரண்ட், பைக் பேட்டரி கொதித்து உப்பிவிடும். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பழைய வகை என்றால் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

சங்கிலி, கேபிள், டயர்

சங்கிலியைச் செயின் கிளீனர் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஓ ரிங் சங்கிலியில் பெட்ரோல் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெடும். நன்றாகக் காய்ந்த பிறகு செயின் ஸ்பிரேயோ 90 நம்பர் கியர் ஆயிலோ சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள்பக்கமாக விடுங்கள். வழக்கத்தைவிடத் தாராளமாகவே இருக்கட்டும். டபிள்யூடி 40 ஈரத்தைத் துரத்தும், ஆனால் அதை மட்டும் அடித்துவிட்டு விட்டால் மூன்று மாதம் காக்காது. கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள் முனைகளிலும், ஸ்டாண்டின் கீலிலும் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

டயர்களில் கையேடு சொல்லும் அளவைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட வைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் போடுங்கள். சைடு ஸ்டாண்ட் மட்டும்தான் என்றால் இரண்டு டயருக்கும் அடியில் தடித்த ரப்பர் துண்டு அல்லது கடப்பாக் கல் வைத்து, மாதம் ஒருமுறை யாரையாவது வண்டியைக் கால் சுற்று உருட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் எடை அழுந்தினால் டயர் அங்கே தட்டையாகும். மண்தரையில் மரப்பலகை வேண்டாம், கறையான் வரும்.

எலி, குளவி

மக்காச்சோளமோ, கடலைக்காய் மூட்டையோ இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு ஒயர் மிச்சமிருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டி அதற்குக் கட்டிவைத்த வீடு மாதிரி: இருட்டு, கதகதப்பு, ஒரே வாசல். சீட் ஃபோமைக் கடித்து எடுத்துவந்து உள்ளே மெத்தை போடும். எலியைத் தேடிச் சாரைப்பாம்பும் வரும். தோட்டத்தில் நின்ற வண்டியின் போர்வையைக் காலால் தட்டிவிட்டுத் தூக்குவது பாதுகாப்பு.

மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றுவதே முதல் மருந்து. அடுத்து எலிப்பொறி, அதை வாரம் ஒருமுறை பார்க்க ஒரு ஆள். பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து ஃபுட்ரெஸ்ட்டில் கட்டித் தொங்கவிடலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் ஒரு துணிப்பந்து, சைலன்சர் ஆறியபின் அதன் வாயில் பாலித்தீன் சுற்றிய துணிப்பந்து. சைலன்சர் அடைப்பு எலிக்கு மட்டுமல்ல. ஈரக்காற்று திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போகும் பாதை அது. மண்குளவியும் அங்கேதான் கூடு கட்டும். கார்புரேட்டர், பேட்டரி ஆகியவற்றிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய குழாய்களிலும் கட்டும். அவற்றை அடைக்க வேண்டாம், முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டினால் போதும்.

அடைத்த இடங்களை ஒரு அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டுங்கள். "சைலன்சரில் துணி, ஏர் ஃபில்டரில் துணி, பேட்டரி பீரோவில், பெட்ரோல் டேப் மூடியிருக்கு" என்று. நீங்கள் இல்லாதபோது வேறு யாரும் அவசரத்துக்கு எடுக்க நேரலாம்.

மேலே எதைப் போடுவது

தார்ப்பாய் வேண்டாம். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதற்குள் மாட்டிக்கொண்டு, வெயிலில் வெந்து, இரவில் வண்டிமேலேயே சொட்டும். கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்குப் பழைய பருத்திப் போர்வைதான் சரி. சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்று கிழிந்து ஓரமாகக் கிடந்தால் அதை எடுங்கள். தூசியைத் தடுக்கும், காற்றை விடும். கூரை இல்லாத இடம்தான் என்றால் அடியில் பருத்தி, மேலே காற்றுத் துளை உள்ள பைக் கவர். ஆடிக் காற்றுக்கு உதறி உதறிப் பெயிண்டைத் தேய்க்காமல் இருக்க அதை இறுக்கிக் கட்ட வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல வெயிலடிக்கும் மதியத்தில் போர்வையை எடுத்து உலர்த்திவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வது

இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். ஊருக்குப் போகிறவருக்கு வீட்டில் அன்போடு சொல்வார்கள்: "நீங்க தகிரியமா போங் மாமா, வாரம் ஒருக்கா நா ஸ்டார்ட் பண்ணி விடறனுங்க." மறுத்துவிடுங்கள். குளிர்ந்த என்ஜினை ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல் எரிந்து உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தங்கும். அது ஆவியாகிப் போகும் அளவு என்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் சேரும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவது இப்படித்தான். பேட்டரியும் லாபம் அடையாது. செல்ஃப் ஸ்டார்ட் எடுத்த கரண்ட்டை ஐந்து நிமிட ஐடிலிங் திருப்பித் தராது.

ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள மாப்பிள்ளை ஒருவர் இருந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காய்ந்த ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டி வருவார் என்றால் அது அருமை. அப்போது சைலன்சர் அடைப்பும் வேண்டாம், சிலிண்டரில் ஆயிலும் வேண்டாம், பேட்டரியையும் கழற்ற வேண்டாம். அப்படி ஆள் இல்லையென்றால் முழுக்கத் தூங்கவிடுவதே வண்டிக்கு நல்லது.

காகிதம், சாவி

ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று கேட்கிறார்கள். நிற்கும் வண்டிதான் திருடு போகும், வெள்ளத்தில் மூழ்கும், அதன்மேல் மரம் விழும். 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டியோடு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு வருகிறது; ஆனால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கும் திருட்டுக்குமான பாகம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியதாக இருக்கலாம். முடியும் தேதியைப் பார்த்துப் போகும் முன்பே கட்டிவிடுங்கள். முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டால் இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகச் சேர்த்துவைத்த தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போகும். பதினைந்து வருடம் நிறையப் போகும் வண்டி என்றால் ஆர்சி புதுப்பிக்கும் தேதி நீங்கள் இல்லாத மாதத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

சாவி ஒன்று உங்களிடம், ஒன்று வீட்டுப் பெரியவரிடம். ஹேண்டில் லாக் போட்டு, தூணோடு சேர்த்து ஒரு சங்கிலிப் பூட்டும் போடுங்கள்.

தை பிறந்து திரும்ப எடுக்கும்போது

அவசரப்படாமல் ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். போர்வையை எடுத்ததும் அட்டையைப் படித்து அடைப்புகளை எல்லாம் எடுங்கள். சீட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்குக் கீழே தரையில் எண்ணெய்க் கறையோ பெட்ரோல் கறையோ உண்டா என்றும் கவனியுங்கள்.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தால் தெரிந்துவிடும். புதுப் பெட்ரோல் மூக்கில் ஏறும். கெட்டது புளித்த வார்னிஷ் வாடை அடிக்கும். சந்தேகம் இருந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்கை முழுக்க இறக்கிவிட வேண்டியதுதான். நன்றாக இருந்தால் மூன்று நான்கு லிட்டர் ஓட்டிய பிறகு மேலே புதிது நிரப்பிக்கொள்ளலாம்.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, டயரில் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டு வாருங்கள். கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பல மாதம் நின்றால் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இப்படித் தள்ளினால் விடுபடும். கிக்கர் இருந்தால் சாவி போடாமல் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். கார்புரேட்டர் வண்டியில் டேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருந்து சோக் இழுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் பம்ப் ஒலி வந்து அடங்கும் வரை பொறுத்து, பிறகு பட்டனை அழுத்துங்கள். ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம், இடையில் அரை நிமிடம் விடுங்கள். சிலிண்டரில் ஆயில் விட்டிருந்தால் முதலில் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும். அது எரிந்து தீர்ந்ததும் நின்றுவிடும். திறந்த வாசலில் வைத்து எடுங்கள்.

பிரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், நாலு முறை பிடித்தால் உரசிப் போய்விடும். லிவர் பஞ்சுபோல் உள்ளே போனால்தான் கவலை. பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும் வகை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பது நினைவில்லாவிட்டால் இப்போது மாற்றிவிடுங்கள். முதல் ஓட்டம் பக்கத்து ஊர் வரை, மெதுவாக. பைபாஸ் வேண்டாம். திரும்பி வந்து சங்கிலியின் தளர்ச்சி, ஆயில் மட்டம் இரண்டையும் பாருங்கள். புகைச் சான்று இடையில் முடிந்திருந்தால் வண்டியைத் தினப்படி எடுக்கத் தொடங்கும் முன் பங்கில் போட்டுவிடுங்கள்.